டிக்கெட் டீச்சர்

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் சீருடையோடு, விசிலோடு, வாரத்தில் மூன்று நாள் செய்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானேதான் போய் விழுந்தேன்.

நான் பஸ் கண்டக்டர். விடியற்காலை முதல் வண்டியில் ஏறினால் பன்னிரண்டு மணிக்கு டிப்போவில் பையை ஒப்படைத்துவிட்டு இறங்குவேன். என் மகள் எங்கள் தெருக்கோடி அரசுப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். வருஷத்தின் நடுவில், நிதி இல்லை, ஆளைக் குறைக்கிறோம் என்று ஒரு காகிதம் வந்தது. நான்காம் வகுப்பு டீச்சர் அழுதுகொண்டே போனார். பிள்ளைகள் நாற்பத்தொரு பேரும் பக்கத்து அறைக்குப் போய், பெரிய டீச்சரின் ஐந்தாம் வகுப்போடு சேர்ந்து உட்கார வேண்டுமாம். பெரிய டீச்சர்தான் தலைமை ஆசிரியையும். ஒரு பெஞ்சில் ஐந்து பேர், மிச்சம் கதவோரம் தரையில். என் பஸ்ஸில்கூட உட்கார இத்தனை பேர், நிற்க இத்தனை பேர் என்று எழுதி ஒட்டியிருக்கும். இங்கே அந்தக் கணக்கும் கிடையாது.

பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். உச்சுக்கொட்டினால் எனக்குப் பிடிக்காது.

"டீச்சர் திரும்பி வர்ற வரைக்கும் மதியத்துல நாம ஆளுக்கு ஒரு நாள் பார்த்துக்கலாமே. காலி ரூம் இருக்கு, போர்டு இருக்கு. என்ன குறைச்சல்?" என்றேன்.

"அண்ணி, வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க" என்று என் நாத்தனார் முழங்கையால் இடித்தாள். அவள் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். கடைசியில் வியாழக்கிழமையை அவளே வாங்கிக்கொண்டாள். வெள்ளி எங்கள் தெரு பிளம்பர் அண்ணனுக்கு. திங்கள், செவ்வாய், புதன் எனக்கு.

பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்துப்போனது. சத்தம் போட்டால் விசில் அடிப்பேன். கதவில் சாய்ந்து நிற்பவனைப் பார்த்து, "படிக்கட்டுல நிக்காதே, உள்ள போ, உள்ள இடம் காலியாத்தான் இருக்கு" என்பேன். நாற்பத்தொன்றும் விழுந்து விழுந்து சிரிக்கும். இரண்டே வாரத்தில் தெருவெல்லாம் நான் டிக்கெட் டீச்சர். மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

வகுத்தல் சொல்லிக் கொடுத்து, நோட்டெல்லாம் திருத்தி, எல்லாருக்கும் சிவப்பு மையில் சரி போட்டேன். அந்தப் பெருமையில்தான் மகளின் நோட்டை எடுத்துக்கொண்டு பழைய டீச்சரைப் பார்க்கப் போனேன். அவர் இப்போது கடைவீதியில் ஒரு செருப்புக் கடையில் இருந்தார். நான் போன நேரம், யாரோ ஒருவரின் காலுக்கு முன்னால் மண்டியிட்டு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். என்ன அநியாயம் இது!

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். சிரித்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"அக்கா, எண்ணூத்திப் பதினாறை எட்டால வகுத்தா பன்னெண்டு வராதுக்கா."

"ஏன்? எட்டுல எட்டு ஒரு தடவை, பதினாறுல எட்டு ரெண்டு தடவை. ஒண்ணு, ரெண்டு. பன்னெண்டுதானே?"

"நடுவுல அந்த ஒண்ணை இறக்குனதும் அதுல எட்டு போகாது இல்லியா? அப்போ மேல ஒரு சைபர் போடணும். அப்புறம்தான் ஆறை இறக்கணும். நூத்திரெண்டு வரும்."

நூற்றிரண்டு எங்கே, பன்னிரண்டு எங்கே! தொண்ணூறு பயணிகளை வழியிலேயே இறக்கிவிட்டு, ரைட் சொல்லி வண்டியை எடுத்திருக்கிறேன். அதுவும் நாற்பத்தொரு நோட்டில். பெற்ற மகளுக்கே தப்பாகச் சொல்லிக் கொடுத்து சரி போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"விடுங்கக்கா, யாருக்கும் வர்ற தப்புதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த மாசம் கல்வி அதிகாரி பார்வையிட வருவார். நாலாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லைன்னு அவர் எழுதினா என்னைத் திரும்பக் கூப்பிடுவாங்க. பற்றாக்குறை இல்லைன்னு எழுதிட்டார்னா ஃபைலை மூடிடுவாங்க. அதோட அந்த வேலையே இல்லை" என்றார். கடைக்காரர் உள்ளிருந்து கூப்பிட்டார். டீச்சர் ஓடிப்போய் மறுபடி மண்டியிட்டார்.

வரட்டும், வந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஒரு கண்டக்டர் கணக்குப் பாடம் எடுக்கும் கண்றாவியைப் பார்த்தால் கல்மனசும் இளகாதா?

வந்தார். புதன்கிழமை, மதியம் இரண்டு மணி. நான் சீருடையோடு போர்டு முன்னால் நிற்கிறேன். பெரிய டீச்சர் கையைப் பிசைந்தபடி அவர் பின்னால் நிற்கிறார். தன் முறைக்கு என்ன பாடம் என்று கேட்க வந்த நாத்தனாரும் வராந்தாவில் நிற்கிறாள். அதிகாரி என்னைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"அருமை! அருமை! அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லாம எவ்வளவு அழகா நடக்குது பாருங்க!" என்று போனை எடுத்து என்னைப் படம் பிடித்தார். "இதைத்தாம்மா நாங்க எதிர்பார்த்தோம். மக்கள் பங்களிப்பு!"

"சார், நான் டீச்சர் இல்ல. கண்டக்டர்."

"அதனால என்னம்மா? மனசுதான் முக்கியம்."

"நான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன் சார். வகுத்தல் மொத்தமும் தப்பு."

"போகப் போகப் பழகிடும்" என்று மேஜை மேல் இருந்த பதிவேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார். எழுதியதை உரக்கவே படித்தார். "நான்காம் வகுப்பு சிறப்பாக நடைபெறுகிறது. பற்றாக்குறை இல்லை." பிறகு பெரிய டீச்சர் பக்கம் திரும்பி, "இன்னும் பதினோரு பள்ளிக்கூடத்துல ஆளைக் குறைக்கணும் மேடம். எப்படிடா சமாளிக்கிறதுன்னு தலையைப் பிச்சுக்கிட்டிருந்தேன். இந்த அம்மா வழி காட்டிட்டாங்க" என்றார்.

பதினோரு பள்ளிக்கூடம். பதினோரு டீச்சர்கள் எங்கெங்கோ மண்டியிடப் போகிறார்கள், அதுவும் என்னால். குனியக் குனியக் குட்டுவார்கள் என்று தெரியும். நான் குனிந்ததோடு நிற்காமல், குட்டுவதற்கு வாகாகத் தலையையும் நீட்டியிருக்கிறேன்.

"உங்க பிள்ளைக்கும் இப்படித்தான் சார் கண்டக்டரை வச்சுப் பாடம் நடத்துறீங்களா?"

பெரிய டீச்சர் இருமினார். அதிகாரியின் சிரிப்பு சுருங்கியது. "உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. இது சேவை."

"சேவையா? அப்போ நீங்களும் கொஞ்சம் பண்ணுங்க." சாக்பீஸை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "மனசுதானே சார் முக்கியம். உங்களுக்கும் இருக்கும்ல? நடத்துங்க."

வெளியே வந்துவிட்டேன். வரும்போது மகளின் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். அதைத் தாண்டி நடப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"அம்மா, நீங்களாவது வாங்க" என்று அவர் என் நாத்தனாரைக் கூப்பிடுவது கேட்டது.

"என் முறை நாளைக்குத்தான் சார்" என்றாள் அவள். "நாளைக்கும் வரமாட்டேன்."

அப்படிப் போடு! அவள் வாயில் சர்க்கரையை அள்ளிப் போடலாம் போல இருந்தது.

"மேடம், நீங்க பாருங்க."

பெரிய டீச்சர் பயந்த சுபாவம். இருபது வருஷமாக எந்தக் காகிதம் வந்தாலும் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர். அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "எனக்குப் பக்கத்து ரூம்ல முப்பத்தெட்டுப் பேர் இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே நானும் நாத்தனாரும் நின்றோம். ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். ஒருத்தி ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாள். இரண்டு பேர் ஒரு பென்சிலுக்குக் கட்டிப் புரண்டார்கள். அதிகாரி "உஷ், உஷ்" என்றார், யார் கேட்டது? அப்போது என் மகள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், நீங்க எங்க புது டீச்சரா?"

"இல்லம்மா."

"அப்போ எங்க டீச்சர் எங்க சார்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பின் பெஞ்சிலிருந்து இன்னொரு குரல் அதையே கேட்டது. பிறகு நாற்பத்தொன்றும் கேட்டன. எங்க டீச்சர் எங்க, எங்க டீச்சர் எங்க. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக.

அதிகாரி ஜன்னலுக்கு வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "அம்மா, எனக்கு மூணு மணிக்கு மீட்டிங். பிள்ளைங்களைத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாது."

"ஆமா சார், கூடாது. அதைத்தான் நாங்களும் சொல்றோம்."

முறைத்தார். பிறகு மேஜைக்குப் போய், எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். பதிவேட்டை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். நான்காம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை. கீழே கையெழுத்து, தேதி. பக்கத்து அறையிலிருந்து பெரிய டீச்சர் ஓட்டமாக வந்து அதன் மேல் பள்ளிக்கூட முத்திரையைக் குத்தினார். பிறகு பிள்ளைகளைத் தன் அறைக்கே ஓட்டிக்கொண்டு போனார். மறுபடி ஒரு பெஞ்சில் ஐந்து பேர்.

அந்த ஒரு வரி எத்தனை மேஜை ஏறி இறங்க வேண்டுமோ, யார் கண்டது. வீட்டுக்கு வரும் வழியில், தெருமுனையில் மகள் என் கையை விட்டுவிட்டு நின்றாள்.

"எங்களை விட்டுட்டு நீ பாட்டுக்கு வெளிய போயிட்ட."

"ஆமாண்டி, போனேன்."

"நாளைக்கு வருவியா?"

"வருவேன். தினமும் வருவேன். அத்தையும் வருவா, பிளம்பர் மாமாவும் வருவாரு, தெருவே வரும். எல்லாரும் கேட்டுக்கு வெளிய நிப்போம். உள்ள மட்டும் வரமாட்டோம்."

"எதுக்கு?"

"உள்ள வரவேண்டியது உங்க டீச்சர். அந்த இடத்துல இனிமே நான் நிக்க மாட்டேன்."