ஸெனோவியாவின் கம்பளத்தில் ஈர நாய்

ஸெனோவியாவின் நாய் அஸோரை டான்யூப் ஆற்றுக்குத் தின்னக் கொடுத்தவன் நான்தான். மறுநாள் மாலை ஆறு மணிக்கு அது வழக்கம்போல வீடு திரும்பி, அவளுடைய கம்பளத்தில் படுத்துக்கொண்டது. நாய் வரவில்லை, அதன் ஈரம் மட்டும் வந்தது. நாலு கால், ஒரு வால், மடங்கிய இடது காது எல்லாம் கம்பளத்துச் சிவப்பு ரோஜாக்களின் மேல் துல்லியமாகத் தெரிந்தன. முந்தைய நாள் அவளுக்குக் காய்ச்சல். எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் நாயை நடத்திக்கொண்டு போன நான், கரையில் நின்று வேடிக்கை காட்டுவதற்காக ஒரு துண்டு சாசேஜை உறைந்த ஆற்றின் மேல் வீசினேன். நாய் பாய்ந்தது, பனிக்கட்டி உடைந்தது. பனிக்கட்டி என்னைத் தாங்காது என்று தெரியும். நாயைத் தாங்கும் என்று எனக்கு யார் சொன்னார்களோ! என் புத்தி அப்படி, பாதி வழியிலேயே இறங்கிவிடும்.

பிரயிலா நகரத்தில் எங்கள் குடியிருப்பில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்தக் குளிர்காலத்தில் குழாயில் வெந்நீர் வராததுதான் பெரிய பேச்சு. கீழ்வீட்டு யோர்டாக்கே மட்டும் மூச்சிரைக்க மாடியேறி வந்து, "ஏம்மா ஸெனோவியா, என் கூரையிலேருந்து ஆறு ஒழுகுது. தண்ணின்னா சகிச்சுக்கலாம், கூடவே மீனும்ல விழுது!" என்றார். வாளி வைக்கச் சொன்னோம். வைத்தார். அதற்குப் பிறகு அவர் மீன் வாங்கச் சந்தைக்குப் போனதை யாரும் பார்க்கவில்லை.

ஸெனோவியாவுக்கு அந்த நாயை விட்டால் வீடு திரும்புகிறவர்கள் யாரும் இல்லை. இத்தாலிக்குக் கட்டட வேலைக்குப் போன கணவன் முதலில் வாரா வாரம் போனில் பேசினான், பிறகு ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் பேசினான், பிறகு பேசுவதை விட்டான். அவள் கல்யாணச் சீராக வந்த கம்பளத்தைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று நான் முன்வந்தது இரக்கத்தால் மட்டுமல்ல. அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். வெறுங்கையோடு போய்க் கேட்கத் தைரியமில்லாமல் பிரஷ்ஷோடு போனேன். எப்போது கேட்டாலும், "காபி ஆறுது, குடிங்க" என்பாள். பதில் அடியில் இருக்குமோ என்று மண்டி வரைக்கும் குடித்துப் பார்த்திருக்கிறேன்.

வினிகர் தேய்த்தேன். நாற்றம் நாயை விட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. சோடா உப்பைத் தூவினேன். கம்பளம் தும்மியதில் சுவரெல்லாம் வெள்ளை. புதுப்பனி விழுந்ததும் ஊரே செய்வதுபோலக் கம்பளத்தை முற்றத்துக்குத் தூக்கிப்போய், பனியின் மேல் குப்புறப் போட்டு, தோள் கழன்றுபோகும்வரை அடித்தேன். எடுத்துப் பார்த்தால், வெள்ளையில் ஒரு அழுக்கு நாய் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தது. வேலை முடிந்து வந்தவர்கள் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆறு மணிக்கு அது பனியிலிருந்து எழுந்து போய்விட்டது. மாடியில் கம்பளம் நனைந்தது.

வருஷங்கள் போயின. நான் ஜெயிக்காத இடத்தில் காலம் ஜெயித்தது. முதலில் மீன் நின்றது. யோர்டாக்கே என்னோடு பேசுவதை நிறுத்தினார். பிறகு வால் காய்ந்தது, கால்கள் காய்ந்தன, கடைசியில் தேநீர் சிந்தியதுபோல ஒரு வட்டம்தான் மிச்சம். ஸெனோவியா தினமும் மாலையில் மண்டியிட்டு அந்த வட்டத்தில் மூக்கை வைத்து வெகுநேரம் முகர்வாள். நாற்றம் போய்விட்டதா என்று சோதிக்கிறாள் என்றே நான் நினைத்தேன். மிச்சத்தையும் ஒழித்துக் கொடுத்துவிட்டால் பதில் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் ஊரில் எல்லா வீட்டு பால்கனியிலும் ஒரு பீப்பாய் முட்டைக்கோஸ் உப்புநீரில் புளித்துக்கொண்டிருக்கும். அதைப் பிழிந்து கம்பளத்தில் தேய்த்தால் அழுக்கு போகும், மங்கிய சாயமெல்லாம் புதுசாக எழும். முதல் பாதிதான் என் நினைவில் இருந்தது. ஒரு மதியம் முழுக்கத் தேய்த்தேன். ரோஜாக்கள் கடையில் வாங்கிய அன்றுபோலச் சிவந்தன. மணி ஆறு அடித்ததும், ரோஜாக்களுக்கு நடுவே கால் வந்தது, வால் வந்தது, மடங்கிய காது வந்தது. அறை முழுக்க ஈர நாயின் வாடை. கீழேயிருந்து யோர்டாக்கே என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது: "கெண்டை! துடோரெல், நீ நல்லா இருப்ப! கெண்டை விழுதுப்பா!"

ஸெனோவியா தரையில் உட்கார்ந்து அந்த ஈரக் காதைத் தடவினாள். சிரித்தாள். கணவன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று கையிலிருந்த முட்டைக்கோஸோடு கேட்டுவிட்டேன்: "இப்பவாவது சொல்லுங்க. என்னை மன்னிச்சிட்டீங்களா?"

அவள் காதைத் தடவுவதை நிறுத்தவில்லை.

"இல்ல, துடோரெல். மன்னிக்கல. சாகிற வரைக்கும் மன்னிக்கவும் மாட்டேன். காலை எடுங்க, வால் மேல நிக்கிறீங்க."