முட்டைப் பெட்டிக்கு ஒரு மூட்டை தூள்

இடுப்பெலும்பு முறிந்து மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்த என் மனைவி, போனை எடுத்ததும் முதலில் கேட்பது கோழிகளைப் பற்றித்தான். என் முறை கடைசியில் வரும், அதுவும் "சாப்பிட்டீங்களா" என்பதோடு முடிந்துவிடும். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான், மறைப்பானேன். கொல்லையில் இருந்த ஆறு கோழிகளும் எந்த மூலையில் முட்டையிடுகின்றன என்பதே அவள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவை முட்டையிடும் மரப்பெட்டிகளின் அடியில் மெத்தென்று ஏதாவது பரப்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் முட்டை உடைந்துவிடும். ஏற்கெனவே பரப்பியிருந்தது மழையில் நனைந்து நாறியது. நான் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன், எனக்குக் காகிதத்துக்கா பஞ்சம்? ஓரம் வெட்டி விழுந்ததையெல்லாம் அள்ளிவந்து திணித்தேன். மறுநாள் ஒரு முட்டையின் மேல் பல் டாக்டர் விளம்பரம் இடவலம் மாறி அச்சாகியிருந்தது. காகிதமோ ஈரத்தில் கட்டிதட்டிப் போய்விட்டது.

மனைவியிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் பதறுவாள், என் மானமும் போகும். அதனால் அவளுடைய அண்ணனிடம் போனேன். மச்சான் தச்சுப் பட்டறை வைத்திருப்பவர். இழைப்புளி போடும்போது சுருண்டு விழும் மரச்சீவலில் ஒரு பை கொடுத்தனுப்பினார். ஒரு பெட்டியில் போட்டதுமே கறுப்புக் கோழி ஏறி உட்கார்ந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மச்சான் போன் செய்தார். பின்னால் ரம்பம் அலறிக்கொண்டிருந்தது.

"எப்படி மாப்ளே? மிச்சப் பெட்டிக்கும் சீவலே அனுப்பவா, இல்ல தூளா?"

"எப்படி" மட்டும்தான் என் காதில் விழுந்தது.

"தூள் மச்சான், தூள்! ஒரு மூட்டையா அனுப்பிடுங்க!"

மூட்டை வந்தது. பிரித்தால் மாவு போல மரத்தூள். எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் தொழில் தெரிந்தவர் அனுப்பியிருக்கிறார், நாம் யார் கேட்க என்று, பழைய சீவலையும் கொட்டிவிட்டு எல்லாப் பெட்டியிலும் தூளையே நிரப்பினேன். கோழிகள் கிளறக் கிளறக் கூடு முழுக்கப் புகையாகப் பறந்தது. மறுநாள் காலையில் கறுப்புக் கோழி தும்மியது. கோழி தும்மும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. சாயங்காலத்துக்குள் அலகைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை மனைவி வீட்டுக்கு வருகிறாள், அன்று புதன். மச்சானுக்குப் போன் போட்டேன்.

மச்சான் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"யாரு இந்தத் தூளப் போட்டது?"

"நீங்கதான மச்சான் அனுப்புனீங்க?"

"நீதானய்யா தூள்னு சொன்ன? ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா!"

"நான் பிரமாதமா இருக்குன்னு சொன்னேன்!"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிரிப்பு வந்தது, ஆனால் கோழி மறுபடி தும்மியதும் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தண்ணீர் தெளித்துத் தூளை அமுக்கி, கூட்டையே சுரண்டி எடுத்தார். பெயின்ட் படாத மரத்தின் சீவலாகப் பொறுக்கி வந்து நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினார். கறுப்புக் கோழியின் மூக்கை ஈரத்துணியால் துடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்துக் காற்றோட்டமான இடத்தில் விட்டார். கால்நடை டாக்டரையும் அவரே அழைத்து வந்தார். அந்த மனிதருக்கு நான் என்ன கைமாறு செய்வேன்?

வெள்ளிக்கிழமை காலையில் கோழி எழுந்து நின்று தீனி கொத்தியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி வாக்கரை ஊன்றிக்கொண்டு, வீட்டுக்குள்கூட நுழையாமல் நேரே கொல்லைக்குப் போனாள். குனிய முடியாமல் என்னைப் பார்த்தாள். நான் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அப்படியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நானும் முதல்ல தூளத்தாங்க போட்டேன். ரெண்டு செத்துப்போச்சு."

"எப்போ?"

"வாங்கின வருஷம். அப்போ எட்டு இருந்துச்சு. நானே குழி தோண்டிப் புதைச்சேன். நீங்க கேக்கல, நானும் சொல்லல."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எட்டு ஆறானதை நான் பார்க்கவில்லை. இவள் திரும்பி வராமல் போயிருந்தால் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். வந்துவிட்டாள். அதற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை, ஆனால் நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது.

நாற்காலி கொண்டுவந்து போட்டு அவளை உட்காரவைத்தேன். எந்தக் கோழிக்கு என்ன பேர் என்று கேட்டேன். கைகாட்டிக் கைகாட்டி ஆறுக்கும் சொன்னாள்.

"அந்த ரெண்டுக்கும் சொல்லு" என்றேன்.