கொட்டகைச் சுவரின் கோடு

எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் வெள்ளம் வந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் முர்ரே ஆற்றுக்கு அவசரமே கிடையாது. ஆல்பரியைக் கடந்த தண்ணீர் எச்சூகா, ஸ்வான் ஹில், மில்டுரா என்று ஊர் ஊராக நலம் விசாரித்துவிட்டு, வென்ட்வொர்த்தில் டார்லிங் ஆற்றையும் கூட்டிக்கொண்டு எங்கள் ரென்மார்க் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். தெரிந்தே காத்திருக்கிற எரிச்சல் இருக்கிறதே, அது கொடுமை.

ஐம்பத்தாறாம் வருட வெள்ளத்தின் உயரத்தைத் தொடும் என்றார்கள். எனக்குப் பயமில்லை. அது நின்ற உயரத்தை அப்பா பம்ப் கொட்டகையின் தகரச் சுவரில், தலை உயரத்தில், சிவப்புக் கோடாகப் போட்டிருந்தார். தண்ணீர் நிரப்பிய குழாயால் அந்த மட்டத்தை வீடு வரை கொண்டுவந்து, மேலே ஒரு முழம் கூட்டி, வீட்டைச் சுற்றி மண்கரை எழுப்பினேன். வேலை முடிந்ததென்று மண் அள்ளும் இயந்திரத்தை லாக்ஸ்டன் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். என் மனைவி மார்லீன் சாமான்களைப் பெட்டியில் கட்டியிருந்தாள்.

"எல்லாத்தையும் திரும்ப எடுத்து வை. கரை தாங்கும்."

"உங்கப்பா கோடு போட்டா உங்களுக்கு வேதவாக்கு," என்றாள். ஆனாலும் பிரித்தாள்.

இன்று காலை தண்ணீர் கரையைத் தொட்டது. அழுகிய இலைகளால் தேநீர்போலக் கறுத்திருந்தது. ஆற்று இறால்கள் மூச்சுமுட்டிக் கரைமேல் ஏறிக் கிடந்தன. பார்க்கவே பிடிக்கவில்லை.

மில்டுராவிலிருந்து நோரீன் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"இங்க வடிஞ்சிருச்சு, க்ளைவ். உனக்கு இன்னும் ரெண்டு நாள்ல உச்சம். கரை எவ்ளோ உசரம்?"

"கொட்டகைக் கோட்டுக்கு மேல ஒரு முழம். நீ நிம்மதியா தூங்கு."

"எந்தக் கொட்டகை?"

"என்னக்கா கேள்வி? நம்ம பம்ப் கொட்டகைதான்."



"டேய், வெள்ளத்தப்ப, அந்தக் கோடு போட்டப்ப, அது மேட்டுல இருந்துச்சு. அப்புறம் பம்புக்குத் தண்ணி எட்டலன்னு அப்பா டிராக்டர்ல கட்டி அப்படியே ஆத்துப் பக்கம் இழுத்துட்டாரு. நீ அப்ப பொறக்கல."

"மேட்டுலன்னா எங்க?"

"அம்மா துணி காயப்போடுவாங்களே, அந்த சிமெண்டுத் தளம்."

ஜன்னல் வழியே பார்த்தேன். தளத்தின் நான்கு மூலையிலும் துருப்பிடித்த போல்ட்டுகள். சின்ன வயதிலிருந்து கால் இடித்துத் திட்டியிருக்கிறேன், எதற்கென்று யோசித்ததில்லை. அங்கிருந்து கொட்டகைக்கு இடுப்பளவு இறக்கம்; கோடும் அவ்வளவு இறங்கியிருக்கிறது. என் ஒரு முழம் எந்த மூலைக்கு?

உள்ளே மார்லீன் தட்டுகளைக் கீழ் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் அடுக்கச் சொன்னேன்.