வகினெம் போட்ட பற்று

கிளாத்தன் ஊர்ச் சந்தையில் வகினெமிடம் மூலிகைப் பற்று வாங்குவது அத்தனை சுலபமில்லை. காசை நீட்டினால் போதாது. அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும்.

"யூ, முட்டிக்கு ஒரு டப்பா குடுங்க," என்பாள் ஒருத்தி. அங்கே அக்காவை யூ என்றுதான் கூப்பிடுவார்கள்.

"முட்டிக்குன்னா? விழுந்தியா, இல்ல பழைய வலியா?"

"நேத்து படியில வழுக்கிட்டேன்."

"வீங்கியிருக்கா? தொட்டா சுடுதா? அழுத்தினா எங்க வலிக்குது?"

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்க யூ!"

"புது வீக்கத்துல கிராம்பைத் தேச்சுவிட்டா விடிய விடிய என்னைத்தான் திட்டுவே. பேசாம காட்டுடி."

அரிசியும் கச்சோலமும் அரைத்த குளிர்ந்த பற்றை எடுத்துக் கொடுப்பாள். நாள்பட்ட பிடிப்பு என்றால் இஞ்சியும் கிராம்பும். அசதிக்கு வெறும் எலுமிச்சைப்புல் எண்ணெய். என்ன வலி என்று தெரியாமல் அவள் கை டப்பாவைத் தொடாது. அவள் எதுவுமே கேட்காத ஒரே ஆள், கங் என்று மரியாதையாகக் கூப்பிடும் அவள் புருஷன் பொனிமின்தான்.

பொனிமின் அதே சந்தையில் அரிசி மூட்டை தூக்குகிறவர். மூட்டை தூக்குகிறவருக்கு இடது தோள் வலித்தால் அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? சூடான பற்றுதான். அவரும் பேசாமல் முதுகைக் காட்டுவார். ஆனால் ஒரு நாள் சாயங்காலம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சும்மா நடந்தாலே நெஞ்சு வரைக்கும் பிடிக்குது வகி. சுகாதார நிலையத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வரட்டுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. சுகாதார நிலையம் சந்தை வாசலிலேயே இருக்கிறது. வகினெமின் புருஷனே வலிக்கு அங்கே வரிசையில் உட்கார்ந்தால், அப்புறம் அவளிடம் எவன் வாங்குவான்?

"ரொம்ப நல்லாயிருக்கு கங்! போறப்ப என் கடையையும் பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போங்க. உள்ள காத்து புகுந்திருக்கு, அவ்வளவுதான். சட்டையக் கழட்டுங்க."

எண்ணெய் தடவி, காற்று வெளியேற நாணயத்தின் விளிம்பால் முதுகைச் சுரண்டினாள். கோடுகள் ரத்தச் சிவப்பாக எழும்பின. எவ்வளவு சிவப்போ, உள்ளே அவ்வளவு காற்று என்பது கணக்கு. "இம்மாம் காத்தை உள்ள வச்சுக்கிட்டு டாக்டரைத் தேடுறாராம்!" என்று கேலி செய்துகொண்டே கிராம்புப் பற்றையும் பூசினாள். பூசி முடித்ததும், இப்போது பரவாயில்லை என்றார். மனிதர் அவளிடம் வேறு எதைச் சொல்லியிருக்கிறார்?

மறுநாள் காலை, தோளில் மூட்டையோடு சந்தை நடுவில் சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் சட்டையை விலக்கியதும் அறை முழுக்கக் கிராம்பு வாசனை. டாக்டர் சின்ன வயசுப் பெண். தோளை அழுத்திப் பார்த்தாள். "அழுத்தினா வலிக்குதா?"

"இல்லீங்க."

முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் வகினெம் கேட்கிற கேள்வி. அழுத்தி வலிக்காத வலி சதையில் இல்லை என்று நன்றாகத் தெரிந்தவள். பாவி, கட்டினவரிடம் கேட்கவில்லை. மறந்தா போனாள்? கேட்டால் பதில் வந்துவிடும், பதில் வந்தால் சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அதற்குத்தான் கேட்கவில்லை.

"மாரடைப்பு," என்றாள் டாக்டர், ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு. "உயிருக்கு இப்ப பயமில்ல. ஆனா இனிமே மூட்டை தூக்கவே கூடாது. நேத்தே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது." பிறகு முதுகைப் பார்த்துவிட்டாள். "யார் இப்படிச் சுரண்டினது?"

"நான்தான்," என்று முந்திக்கொண்டார் பொனிமின்.

"உங்க முதுகை நீங்களேவா?"

"கை எட்டும் டாக்டர். போங்க போங்கன்னு இவ தலபாடா அடிச்சிக்கிட்டா. நான்தான் கேக்கல."

எட்டும் என்று காட்டக் கையைத் தூக்கப் பார்த்தார். பாதி தூரம்கூட எழும்பவில்லை.

அவர் திட்டியிருந்தால் வகினெம் தாங்கியிருப்பாள்.

"பொய் சொல்றார் டாக்டர். போறேன்னு சொன்னவரை நான்தான் விடல."

பொனிமின் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரு வகி," என்று கிசுகிசுத்தார். "வாசல்ல சந்தை ஆளுங்க நிக்கிறாங்க. நாளைக்கு உன்கிட்ட எவன் வாங்குவான்?"

வகினெம் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அவரைத் தூக்கிவந்த மூட்டைக்காரர்கள் அங்கே நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி, "நான்தான் விடல" என்று இன்னொரு தரம் உரக்கச் சொன்னாள்.