மூன்று சட்டிப் பட்டைத்தண்ணீர்

எல்லம்மாவைக் காட்டிக் கொடுத்தவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூரில் ரஷீத் அஹமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் நாங்கள் ஆவாரம்பட்டை இடிக்கிறவர்கள். தொட்டியில் அந்தப் பட்டை ஊறிய தண்ணீரில்தான் தோல் பதமாகும். தூரமான நாட்களில் பெண்கள் தொட்டிப் பக்கம் போகக் கூடாது, போனால் தோல் கெட்டுவிடும் என்பது அங்கே சட்டம். ஒருநாள் காலையில் பார்த்தால், தோலெல்லாம் கருப்புக் கருப்பாகக் கறை. மேஸ்திரி ராமமூர்த்தி எங்களை வரிசையாக நிற்க வைத்து, யார் போனது என்று கேட்டார். பயத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எல்லம்மாதான் நேத்து தண்ணி மொண்டு ஊத்துனா. அவளுக்கு ரெண்டாம் நாளு."

"நாளையிலேர்ந்து வேலைக்கு வராத" என்றார் மேஸ்திரி அவளிடம்.

நானாக இருந்தால் அழுதிருப்பேன். எல்லம்மா குனிந்து கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு நேராக சாயபுவிடம் போனாள்.

"சாயபு, வாழக்கா அரிஞ்சா அருவாமண கருத்துப் போவுதே, இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்கு?" என்று சாயபு அவளையே திருப்பிக் கேட்டார்.

"வாழக்கா மாதிரி பட்டையும் துவர்க்குது, துவர்ப்பு இரும்புல பட்டா கருத்துப் போவும். இத்தினி நாளா மண்சட்டில மொண்டோம், கறை இல்ல. நேத்து மெட்ராஸ்லேர்ந்து இரும்பு பக்கெட்டு வந்துச்சி, கறையும் வந்துச்சி. ஒரு நாள் குடுங்க, பாத்துர்லாம். என் கையாலதான் கெட்டுச்சின்னா நானே போய்ட்றேன்."

பக்கெட்டை ஆசை ஆசையாக வாங்கி வந்தவர் மேஸ்திரி. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

மூன்று சட்டிகளில் பட்டைத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவு தோல். முதல் சட்டியை யாரும் தொடவில்லை. இரண்டாவதில் எல்லம்மா முழங்கை வரை விட்டுக் கலக்கினாள். "இன்னைக்கி எனக்கு மூணாம் நாளு" என்று அத்தனை ஆண்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்றாவதில் பக்கெட்டைச் சுரண்டிய தூளைப் போட்டாள். சாயபு மூன்றையும் தன் அறையில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் மூன்றாவது சட்டித் தோல் அடுப்புக்கரியாக இருந்தது. மற்ற இரண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை.

"பக்கெட்ட தூக்கிப் போடுங்க. அந்தப் பொண்ணு இருக்கட்டும்" என்றார் சாயபு.

மேஸ்திரி விடவில்லை. "ஏதோ ஒருவாட்டி தப்பிச்சிடுச்சி. அத்த வெச்சி சட்டத்த மாத்திட முடியுமா?"

எல்லம்மா வெடிப்பாள் என்று பார்த்தேன். அவளோ யோசித்துத் தலையாட்டினாள். "நீங்க சொல்றதும் செரிதான் மேஸ்திரி. ஒருவாட்டி பத்தாது. நான் ஒருத்தியும் பத்தாது."

எங்கள் பக்கம் திரும்பினாள். அன்று நாங்கள் உலக்கையைத் தூக்கிக்கொண்டு பட்டை இடிக்கப் போய்விட்டோம்.

ஆனால் அடுத்த மாதத்துக்குள் சாயபுவின் அறையில் ஒவ்வொருத்தியாகக் கைவிட்டுக் கலக்கிய எட்டுச் சட்டிகள் சேர்ந்துவிட்டன. எட்டாவது என்னுடையது. "எனக்கு ரெண்டாம் நாளு மேஸ்திரி" என்று நானே சத்தமாகச் சொல்லிவிட்டுக் கையை விட்டுக் கலக்கினேன். வெட்கம் அன்றும் பிடுங்கத்தான் செய்தது. ஆனால் அதைவிட, பொழுது எப்போது விடியும், தோலை எப்போது பார்ப்போம் என்றுதான் இருந்தது எனக்கு.