ஒன்பதாவது டேக்

"அடுத்தவன் படத்துக்கெல்லாம் மார்க் போடுறியேம்மா, உன்னால ஒரே ஒரு காட்சி எடுக்க முடியுமா?"

அவளுடைய விமர்சனத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட தயாரிப்பாளர் ஒருவர் ஒருமுறை போனில் கேட்டார். அவள் சிரித்து மழுப்பினாள். ஆனால் அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது. வாரப் பத்திரிகையில் பதினோரு வருடம் விமர்சனம் எழுதியவள், வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் உட்கார்ந்து திரைக்கதை எழுதினாள்.

இன்று அதை வைத்து அவளே இயக்கும் படத்தின் கடைசி நாள் படப்பிடிப்பு. வாடகைக்கு எடுத்த வீட்டைச் சாயங்காலம் ஒப்படைத்தாக வேண்டும். வெளியூர் வேலைக்குக் கிளம்பும் மகளிடம் அப்பா பேசும் காட்சி ஒன்றுதான் பாக்கி. அது தேறாவிட்டால் படமே தேறாது. ஜன்னல் வெயில் சரிந்துகொண்டிருந்தது. எட்டு டேக் போய்விட்டது.

"சார், உங்க சோகம் கொஞ்சம் மேலோட்டமா இருக்கு," என்றாள்.

அப்பாவாக நடித்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டைரக்டரம்மா, போன டேக்ல மிகைன்னீங்க. அதுக்கு முன்னாடி நம்பும்படியா இல்லைன்னீங்க. எத்தனை ஸ்டார்னும் சொல்லிட்டா நான் வீட்டுக்குப் போய்ச் சேருவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது சூடேறியது.

நடிகர்களின் துணிமணிகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுடைய தங்கை அருகே வந்து கிசுகிசுத்தாள். "அக்கா, நீ இன்னும் பத்திரிகை ஆபீஸ்லதான் உட்கார்ந்திருக்கே. எது சரியில்லைன்னே சொல்றே. என்ன செய்யணும்னு ஒரு தடவையாச்சும் சொன்னியா?"

சுருக்கென்றது. படம் முடிந்த பிறகு பேசியே பழகிய வாய். கையிலிருந்த ஒன்றரைப் பக்க வசனத்தைப் பார்த்தாள். வேறு யாராவது எழுதியிருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். மகளாக நடிப்பவள் அணியவிருந்த கோட்டிலிருந்து ஒரு பட்டனைப் பிய்த்தாள். தங்கையிடம் ஊசியும் நூலும் வாங்கினாள்.

"சார், பேச வேண்டாம், அழவும் வேண்டாம். அவ கிளம்பறதுக்குள்ள இதைத் தைச்சுக் கொடுத்துட்டு வெளியே போயிடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதைக் காலையிலேயே சொல்லக்கூடாதா தாயே!"

கேமரா ஓடியது. நூல் ஊசிக்குள் போக மறுத்தது. நாக்கில் நனைத்துக் கோத்தார். தைத்து முடித்து நூலைக் கடித்தார். பட்டனை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார், தேவையே இல்லாமல் இன்னொரு முறையும். கோட்டை மகளின் தோளில் போட்டுக் காலரைச் சரிசெய்தார்.

தங்கை மூக்கை உறிஞ்சினாள். 'கட்' சொல்ல வேண்டியவள் டிக்கெட் வாங்கி வந்தவளைப் போல வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனார்.