கல்மேட்டில் கிடந்த அரைக் குழவி

1.
இந்தக் கதை ஒரு புடலங்காயில் பிறந்தது. அன்று காலை என் கணவர் ஈஸ்வர் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, "இன்னைக்கும் இதான் வெஞ்சனமா?" என்றார். "மேட்டுக்குள்ள படுத்திருக்கவுகளக் கேளுங்க, கறியாக்கிப் போடுவாக" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் நெஞ்சுவலி. வீடு வந்து சேரவில்லை.

(இதைவிட இலக்கியமாகத் தொடங்கிப் பார்த்தேன்: "மூவாயிரம் ஆண்டுகளாக அந்த மலைச்சரிவில் காற்று" – காற்று அதற்குமேல் வீசவில்லை.)

2.
மேடு, ஆத்தூருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிறது. சுற்றிலும் பெருங்கற்கள், நடுவில் சிறுகற்குவியல், அடியில் எந்தக் காலத்து மனிதர்களோ. அவ்வழியே போகிறவர்கள் ஆளுக்கொரு கல் போட்டுவிட்டுப் போவது வழக்கம். வேடசந்தூர் மில்லில் பிட்டராக இருந்த ஈஸ்வர், ஞாயிறுதோறும் போய் அதன் உயரத்தை அளப்பார். மூன்று வருடத்தில் நாலு அங்குலம் வளர்ந்துவிட்டதென்று ஒரு கட்டுரையே எழுதி அச்சேற்றினார். வாராவாரம் தானும் ஒரு கல் போட்டது அவர் கணக்கில் வரவில்லை.

[இங்கே அவரை அறிவாளியாகக் காட்ட ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். படித்தால் அவரே சிரிப்பார்.]

3.
கட்டுரையைப் படித்துவிட்டு தொல்லியல் ஆய்வாளர் சகாயசெல்வி போன மாதம் வந்தார். மேடு வளர்ந்ததென்பது தப்பு, ஆனால் இப்படியொரு மேடு இருப்பதே துறையில் யாருக்கும் தெரியாது என்றார். வழி தெரிந்தவள் நான் என்பதால் கூடப் போனேன்.

மேலே கிடந்த புதுக் கற்களை ஓரமாகக் கொட்டிக்கொண்டிருந்த செல்வி, ஒன்றை மட்டும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது அந்தக் காலத்து அரைப்புக் கல்லு மாதிரி இருக்கு. எடுத்துட்டுப் போயி பாக்கணும்."

அது எங்கள் வீட்டுக் குழவியின் உடைந்த பாதி. மலைக்கு வீட்டிலிருந்து கல் சுமந்த ஒரே மனிதர், தன் கடைசி ஞாயிறு பையில் போட்டுக்கொண்டு போனது.

4.
முதல் முடிவு: உண்மையைச் சொல்கிறேன். செல்வி சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுகிறார். கல்லை மடியில் வைத்து பஸ்ஸில் வருகிறேன். இதை எழுதும்போது அழுதேன்.

இரண்டாம் முடிவு: வாயைத் திறக்கவில்லை. கல் நம்பர் போட்ட பைக்குள் போகிறது. ஈஸ்வருக்கு மூவாயிரம் வயது. இதை எழுதும்போது சிரித்தேன். ஆனால் அந்தப் பொண்ணு பொய்யை ஆராய்ந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது: மேட்டிலேயே திரும்ப வைத்துவிடச் சொல்லி, ஏன் என்று கேட்டால்

அது சரிவரவில்லை.

"என்னக்கா, ஒங்களுக்கு எதுவும் தெரியுமா?" என்று செல்வி கேட்டார். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்; இடம் விட்டிருக்கிறேன்.

.......................

மற்ற பாதி அம்மிமேல் கிடக்கிறது. இன்று காலையும் அதில்தான் தேங்காய் அரைத்தேன்.